தோட்டத்துச் சந்தியில் காத்திருப்பவர்களையும் கணக்கில் எடுங்கள்

பஸ் சேவையை அதிகாரிகள் கண்காணிப்பது பற்றிய உங்கள் கட்டுரையை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து படித்தேன். 2010இல் தரைப் பொதுப் போக்குவரத்துக்கென ஸ்பாட் ஆணையம் வந்தது. 2019 முதல் அதன் பணியைப் போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள அபாட் என்ற நிறுவனம் பார்க்கிறது. பஸ் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பவர்கள் அவர்கள்தாம். கொடுத்த உரிமத்தின்படி பஸ் ஓடுகிறதா என்று எங்கள் சந்தியில் வந்து பார்த்தவர்களை நான் கண்டதில்லை.

போன மாதம் காலை ஆறரை மணிக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நின்றேன். நாற்பது வருடம் பால்மரம் சீவிய கை, மருத்துவ அட்டையை நெகிழிப் பையில் சுற்றிப் பிடித்திருந்தது. பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை வெயிலில் வெளுத்து, எண்களே தெரியவில்லை. எட்டு மணிக்குப் பக்கத்து லயத்துத் தம்பி காரில் ஏற்றிக்கொண்டார்.

ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்மய இரட்டைத் தண்டவாளம் 2014இல் முடிந்தது. இடிஎஸ் என்ற மின்சார ரயில் எங்கள் ஊரில் நிற்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் தோட்டத்திலிருந்து அந்த நிலையத்துக்கு எப்படிப் போவது?

சாலையும் அப்படித்தான். முதலாம் கூட்டரசுச் சாலையில் குழி விழுந்தால் பொதுப்பணித் துறையிடம் சொல்லலாம். அங்கிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பினால் தோட்ட நிர்வாகத்தின் தனியார் சாலை. நகராண்மைக் கழகம் கைவிரிக்கிறது. அபாட் அதிகாரிகளே, உரிமம் புதுப்பிக்கும்போது, ஓடாத பஸ் நடைகளின் பட்டியலை நிறுவனத்திடம் கேளுங்கள். அதைச் சந்தியில் ஒட்டுங்கள்.