சுட்டது தெரியும், தேடியது தெரியாது

மான் தலையைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், முகத்துக்கு நேரே மைக்.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். மானின் மூளையை அரித்துக் கொல்லும் ஒரு நோய் இங்கே 2002இல் தென்பட்டது. மருந்து கிடையாது. வேட்டையாடிய மானின் தலையை அங்கங்கே வைத்திருக்கும் பெட்டிகளில் போட்டால், பரிசோதித்து முடிவு சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் நான் கறியில் கை வைப்பேன்.

மைக் நீட்டியவர் உள்ளூர் சேனல்காரர். "சுடும்போது எப்படி இருந்தது?" என்று கேட்டார். எட்டு நிமிடம் பேசியிருப்பேன். ராத்திரி செய்தியில் வந்தது ஆறு விநாடி. நான் சிரித்துக்கொண்டே "ஒரே குண்டு" என்கிறேன். பின்னால் டுமீல் என்று ஒரு சத்தம் வேறு, இவர்களாகச் சேர்த்தது. அடுத்த காட்சியில், யாரோ ஒருவன் பெரிய கொம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது!

எனக்கு வந்ததே கோபம்.

இங்கே நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். ஒன்பது நாள். ஐந்து லட்சம் பேருக்கு மேல் லைசென்ஸ் எடுக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றுமே சுடாமல் குளிரில் விறைத்துத் திரும்புகிறவர்கள்தான், பல வருடம் நானும் சேர்த்து. ஆனால் செய்தியில் வரும் வேட்டைக்காரன் வேறு ஆள். போன மாதம் ஒரு தலைப்பு: "மான்களைச் சுட்டுப் போட்டுவிட்டு ஓடிய வேட்டைக்காரர்கள்". உள்ளே படித்தால், நடுராத்திரியில் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, விளக்கடித்து, கண் கூசி நின்ற மான்களைச் சுட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லை, துப்பாக்கி சீசன் தொடங்கவில்லை, கறியைக்கூட எடுக்கவில்லை. அது கள்ள வேட்டை ஐயா! பேங்கைக் கொள்ளையடித்தவனை "வாடிக்கையாளர்" என்று எழுதுவீர்களா?

சினிமா இன்னும் மோசம். வில்லன் வீடு என்று காட்ட வேண்டுமா, சுவரில் ஒரு மான் தலையை மாட்டு, முடிந்தது வேலை. இந்த விஷயத்தில் ஹாலிவுட்டும் கோடம்பாக்கமும் பங்காளிகள். 1942இல் வந்த 'பாம்பி' படத்தில் குட்டி மானின் தாயைச் சுடுகிற மனிதன் கடைசிவரை திரையில் வரவே மாட்டான். அன்றிலிருந்து எங்களுக்கு முகமே இல்லை, சத்தம் மட்டும்தான்.

சரி, அவர்களுக்குத்தான் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். வேட்டைக்காரர்களே நடத்துகிற நிகழ்ச்சிகளுக்கு என்ன கேடு? பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஸ்பான்சர் தொப்பி, குசுகுசுவென்று ஒரு பேச்சு, ஒரு வெடி, கட்டிப்பிடித்துக் கத்தல், கொம்பு எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளத்தல். அரை மணி நேரத்தில் விளம்பரத்தோடு எல்லாம் முடிந்துவிடும். இதைப் பார்க்கிறவன் எங்களைப் பற்றி வேறு என்ன நினைப்பான்?

நான் அந்தச் சேனல்காரரிடம் சொன்னது வேறு கதை. மூன்று வருடம் முன்பு ஒரு பெண் மானைச் சுட்டேன். பரணில் உட்கார்ந்து கை மரத்துப்போயிருந்தது, அவசரப்பட்டுவிட்டேன். மான் துள்ளி ஓடியது. இறங்கிப்போய்ப் பார்த்தால் பனியில் ரத்தம், அதில் பச்சையாக ஏதோ கலந்திருந்தது. நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, பக்கத்திலேயே விழுந்திருக்கும். பச்சை என்றால் குடல். உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் வலியோடு இன்னும் தூரம் ஓடும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட வேண்டாம். எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் இருட்டும்வரை தேடினோம், மறுநாள் காலையிலும் தேடினோம். ஒரு ஓடைக்கரையோடு தடம் நின்றுவிட்டது.

சட்டப்படி இன்னொரு மானைச் சுட எனக்கு உரிமை இருந்தது. பெரியவர் ஒன்றுதான் சொன்னார்: "உன் மானை நீ சுட்டுவிட்டாய்." அந்த வருடம் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இதைத்தான் எட்டு நிமிடம் சொன்னேன். இந்த வருடம் ஒரே குண்டில் விழுந்ததில் எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி என்று புரியவைக்கத்தான் சொன்னேன். நிம்மதியை வெட்டிவிட்டுக் குண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தைக் கொன்றவர் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் பல் டாக்டர். அம்பு பட்ட சிங்கம் செத்தது பல மணி நேரம் கழித்து. அந்த ஆளுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து வேட்டை என்று வாயைத் திறந்தாலே "அந்தச் சிங்கம்..." என்று ஆரம்பிக்கிறார்கள். உப்புக்கண்டம் போடுகிறவனுக்கும் சிங்கத்தலை மாட்டுகிறவனுக்கும் ஒரே பெயர்.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 10 முதல் 11 சதவீத வரி வன உயிர்களுக்குப் போகிறது, 1937ஆம் வருடச் சட்டம் அது. உடனே "காட்டைக் காப்பாற்றுவதே நாங்கள்தான்" என்று மார்தட்டுவார்கள். காட்டுப் பக்கமே போகாமல், அட்டையைக் குறிவைத்துச் சுட்டு விளையாடுகிறவனும் அந்த வரியைக் கட்டுகிறான். கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

அந்த ஆறு விநாடி ஊர் வாட்ஸ்அப் வரைக்கும் போய்விட்டது. "போலீஸ் பிடிக்காதா மாப்ளே?" என்கிறான் மச்சான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 1972இல் வந்த வனவிலங்குச் சட்டத்தை 1991இல் இறுக்கியதிலிருந்து இந்தியாவில் வேட்டை என்றாலே பெரும்பாலும் குற்றம்தான், வேறு மாதிரி அவன் கேள்விப்பட்டதே இல்லை. அத்தைதான் "வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டுச் சிரிக்கிறியேடா" என்று அழுதாள். திண்ணன் பன்றிக்கறியை வாயில் போட்டு ருசி பார்த்துச் சிவனுக்குப் படைத்த கதையை எனக்குச் சோறூட்டிக்கொண்டே சொன்னவள் அவள். ஓடைக்கரைக் கதையை அவளிடமும் ஆரம்பித்தேன். பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, கறி ஃப்ரீசரில் இருக்கிறது. நல்லபடியாக வந்தால் உப்புக்கண்டம் போட வேண்டும். இந்தக் குளிரில் வெயிலுக்கு எங்கே போவது, ஓவனில்தான் காயவைக்க வேண்டும். மஞ்சள் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்கலாம் என்றால் அது தெரிந்த ஒரே ஆள் அத்தைதான்.