சேமித்த பணம் யார் கைக்குப் போகிறது?

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தை எங்கே போட்டால் கூடுதல் வட்டி வரும், எங்கே போட்டால் பத்திரமாக இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் எல்லோரும் கேட்கிறோம். வாங்கிய பணத்தை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாருக்குக் கொடுக்கின்றன, கொடுத்த பணத்தைக் கொண்டு என்ன நடக்கிறது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க நினைப்பவர்களுக்கும் சந்தையில் உடனடியாகக் கிடைப்பவை பெயர்ப்பலகைகள்தாம்: பசுமை நிதி, நிலைத்த வளர்ச்சி நிதி, பொறுப்பான முதலீடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயர்களை நம்பிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பணம் போய்ச் சேரும் இடங்களைப் பெயர் பெயராக வெளியே காட்டுகிற நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டும். காட்ட மறுக்கிற இடத்தில் எத்தனை நல்ல வார்த்தைகள் அச்சிடப்பட்டிருந்தாலும், அவற்றை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கவலை இன்று நேற்று தோன்றியதன்று. 1758இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையினர், மனிதர்களை வாங்கி விற்கும் தொழிலில் தம் உறுப்பினர்கள் ஈடுபடக் கூடாதென்று கட்டுப்பாடு விதித்தார்கள். வட்டியையும் மதுவையும் சூதாட்டத்தையும் விலக்கிய இஸ்லாமிய நெறிப்படி, லாப நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சேமிப்பு வங்கி ஒன்று 1963இல் எகிப்தின் மித் கம்ர் நகரில் தொடங்கப்பட்டது. வியட்நாம் போரில் தங்கள் பணம் ஆயுதமாகிவிடக் கூடாதென்று எண்ணியவர்களுக்காக 1971இல் அமெரிக்காவில் பாக்ஸ் வேர்ல்டு நிதி பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு வணிகம் செய்த நிறுவனங்களின் பங்குகளை விற்றுவிடும்படி பல்கலைக்கழக மாணவர்களும் தேவாலயங்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் எதை ஏற்க மாட்டோம் என்பதைப் பெயர் சொல்லி வரையறுத்தார்கள். இன்றைய ‘பொறுப்பான முதலீடு’ என்ற பொதுச் சொல்லில் அந்தத் தெளிவுதான் காணாமல் போயிருக்கிறது.

அறவழி முதலீடு என்றதும் பெரும்பாலோர் பங்குச் சந்தையை நினைக்கிறார்கள். நான் சேமிப்புக் கணக்கிலிருந்தும் வைப்புத்தொகையிலிருந்தும்தான் தொடங்குவேன். சந்தையில் ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது, பெரும்பாலும் அதை ஏற்கெனவே வைத்திருந்த இன்னொருவருக்குத்தான் நம் பணம் போகிறது. அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் ஒரு காசுகூட நேரடியாக நுழைவதில்லை. வங்கியின் கதை வேறு. நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் வைப்புத்தொகை கையில் இருக்கும் பலத்தில்தான் வங்கி கடன் கொடுக்கிறது, அந்தக் கடனில்தான் சுரங்கம் தோண்டப்படுகிறது, காடு அழிக்கப்படுகிறது, அல்லது மருத்துவமனை கட்டப்படுகிறது. பங்கே வாங்காத, பங்குச் சந்தையின் பக்கமே போகாத ஒருவரின் பணமும் இப்படி எங்கோ ஒரு தொழிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நான் கணக்கு வைத்திருந்த ஒரு வங்கிக்கு, எந்தெந்தத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கிறீர்கள், எவற்றுக்குக் கொடுப்பதில்லை என்று எழுத்தில் கேட்டேன். பதிலாக வந்தது சமூகப் பொறுப்பு அறிக்கை: மரக்கன்று நடும் ஊழியர்கள், புத்தகப் பையோடு சிரிக்கும் குழந்தைகள், கிளைகளின் கூரையில் பொருத்தப்பட்ட சூரியத் தகடுகள். கடன் பற்றிய பகுதியில் மொத்தத் தொகை இருந்தது, துறைவாரியான வட்ட வரைபடம் இருந்தது, அதில் ‘எரிசக்தி’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. அது நிலக்கரியா, காற்றாலையா என்று மீண்டும் கேட்டதற்கு, வாடிக்கையாளர் ரகசியம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கடன் வாங்கும் ஒவ்வொரு தனிமனிதரின் பெயரையும் வெளியிட முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த கடனைப் பற்றி, அதற்கு ஆதாரமாகப் பணம் வைத்திருப்பவர் எதுவுமே அறியக் கூடாது என்பது நியாயமாகாது.

அப்படி வெளியிடவே முடியாது என்றும் சொல்ல இயலாது. 1980இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ட்ரியோடோஸ் வங்கி, தான் எந்தெந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்பதை யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. ஜெர்மனியின் போகும் நகரில் 1974இல் தொடங்கிய ஜி.எல்.எஸ். வங்கியும், இத்தாலியில் 1999இல் செயல்படத் தொடங்கிய பாங்கா எத்திகாவும் இதே வழியில் நடப்பவை. இவை போன்ற வங்கி எல்லா நாட்டிலும் கிடையாது என்பது உண்மை. கிடைக்காத இடத்தில் அடுத்ததாக நான் பார்ப்பது கூட்டுறவுக் கடன் சங்கங்களை. ஜெர்மனியில் ரைஃபைசன் 19ஆம் நூற்றாண்டில் உழவர்களுக்காக உருவாக்கிய சங்கங்களிலும், 1900இல் அல்ஃபோன்ஸ் டெஸ்ஜார்டின் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய சங்கத்திலும் பணம் போட்டவர்களும் கடன் வாங்கியவர்களும் ஒரே மக்கள்தாம். போட்ட தொகை எவ்வளவானாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. கூட்டுறவு என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு சங்கம் நேர்மையானதாகிவிடாது; பொதுக்குழு ஒழுங்காகக் கூடுகிறதா, தணிக்கை அறிக்கை உறுப்பினர் கைக்கு வருகிறதா, நிர்வாகிகளின் உறவினர்களுக்கே கடன் போகிறதா என்பதையெல்லாம் விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் உரிமை உறுப்பினருக்கு இருக்கிறது என்பதுதான் அதன் சிறப்பு.

இனி மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு வருகிறேன். ஈ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் அது நல்ல நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்ட நற்சான்றிதழ் என்று நம்புகிறவர்கள் ஏராளம். எம்.எஸ்.சி.ஐ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் தரும், பரவலாகப் பயன்படும் மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல், சமூகம் தொடர்பான சிக்கல்களால் மதிப்பிடப்படும் நிறுவனத்தின் வருமானத்துக்கு எவ்வளவு ஆபத்து வரக்கூடும் என்பதைத்தான் அது முதன்மையாக அளக்கிறது. அந்த நிறுவனத்தால் உலகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பது வேறு கேள்வி. போதாக்குறைக்கு, மதிப்பிடுகிறவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஆறு மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றின் மதிப்பெண்களுக்கிடையேயான சராசரி ஒட்டுறவு 0.54 மட்டுமே (முழுமையாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும்). ஒருவர் தேர்ச்சி தந்த நிறுவனத்தை இன்னொருவர் தோல்வியடையச் செய்கிறார் என்றால், சேமிப்பாளர் யாரை நம்புவது? ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் புகைச் சோதனையில் ஏமாற்றியது 2015 செப்டம்பரில் அம்பலமானபோது, அது பொறுப்பான நிறுவனங்களைத் தொகுக்கும் டோ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் கௌரவமாக வீற்றிருந்தது; அதன் பிறகுதான் நீக்கப்பட்டது. ஜெர்மனியின் பெரிய நிதி மேலாண்மை நிறுவனமான டி.டபிள்யூ.எஸ்., தன் முதலீட்டு முடிவுகளில் ஈ.எஸ்.ஜி. அளவுகோல்களைப் பயன்படுத்துவதாக மிகைப்படுத்திச் சொன்னதற்காக 2023இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்துக்கு 1.9 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆகவே ஃபண்டின் பெயரையும் அட்டைப் படத்தையும் விட்டுவிட்டு, முழுப் பங்குப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறேன். இரண்டு பக்கத் தகவல் தாளில் முதல் பத்துப் பெயர்கள் மட்டுமே இருக்கும். அவை பெரும்பாலும் எல்லாக் குறியீட்டு ஃபண்டுகளிலும் உள்ள அதே பெரிய மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளுமாகவே இருக்கும். நாம் பார்க்க வேண்டியவை ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், சிறிய எழுத்தில், பல நூறு வரிகளாகக் கிடக்கின்றன. அவ்வளவு பெயர்களை எப்படி ஆராய்வது என்று மலைத்துப்போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் ஒரு கருவி உண்டு. நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதியத்துக்கு 2004 முதல் ஓர் அறநெறிக் குழு இருக்கிறது. கொத்துக்குண்டு தயாரிப்பு, கடுமையான மனித உரிமை மீறல், பெரும் சுற்றுச்சூழல் அழிவு ஆகிய காரணங்களுக்காக விலக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலும், அக்குழுவின் விரிவான பரிந்துரைகளும் பொதுவெளியில் இருக்கின்றன. புகையிலை உற்பத்தியாளர்கள் 2010இல் விலக்கப்பட்டார்கள். வருவாயில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ அனல் நிலக்கரியிலிருந்து பெறுபவர்களை விலக்கும் விதி 2016இல் வந்தது. அந்த நிதியமே எண்ணெய் விற்ற பணத்தில் உருவானது என்பதை மறந்துவிடாமல், அதன் பட்டியலை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் ஃபண்டின் பட்டியலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மாலைப் பொழுதிலேயே நிறைய விளங்கிவிடும்.

எதை விலக்குவது என்பதில் எல்லோருடைய கோடும் ஒரே இடத்தில் விழாது. அணுமின்சாரத்தை ஒருவர் விலக்குவார், புவி வெப்பமடைதலுக்கு அதுவே மருந்து என்று இன்னொருவர் வாதிடுவார். என் பணம் புகையிலைக்கும், நிலக்கரிக்கும், ஆயுதத்துக்கும், வறியவரைக் கசக்கிப் பிழியும் கடனுக்கும் போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஏழைகளுக்குச் சிறுகடன் என்றாலே புண்ணிய காரியம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் ஒருவருக்கே நான்கைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் கெடுபிடியில் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்து, மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறுகடன் நிதிகளில் பணம் போட விரும்புகிறவர்கள், கடன் வாங்கியவர் கட்டும் வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன செய்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதுகாப்பும் அறத்தின் ஒரு பகுதிதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நல்ல நோக்கத்தைப் பார்த்து மனம் இளகி, விசாரிக்காமல் பணத்தைக் கொடுக்கிறவர்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடி வருகிறார்கள். அமெரிக்காவில் நியூ ஈரா என்ற அறக்கட்டளை, பெயர் வெளியிடாத கொடையாளர்கள் இருப்பதாகச் சொல்லி, தொண்டு நிறுவனங்களும் கல்லூரிகளும் தேவாலயங்களும் ஒப்படைக்கும் பணத்தை ஆறே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாக வாக்களித்தது. அப்படிக் கொடையாளர்கள் யாருமே இல்லை. 1995இல் அது கவிழ்ந்தது. நம்மில் ஒருவர், நம் நம்பிக்கையைச் சேர்ந்தவர் என்ற நெருக்கமே அங்கே தூண்டிலாக இருந்தது. உண்மையிலேயே நேர்மையான இடத்திலும், எந்த வகையில் பணம் போடுகிறோம் என்பது முக்கியம். மேலே நான் பாராட்டிய ட்ரியோடோஸ் வங்கியின் பங்குச் சான்றுகளை வாங்கியவர்கள், 2021 தொடக்கத்தில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டதும் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள்; 2023இல் வேறொரு தளத்தில் விற்பனை மீண்டும் தொடங்கியபோது விலை பழைய மதிப்பைவிட மிகக் கீழே போயிருந்தது. அதே வங்கியில் வைப்புத்தொகை வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை ஏற்படவில்லை. வைப்புக் காப்பீடு உள்ள கணக்கு வேறு, பங்கு வேறு. திடீர்ச் செலவுக்கு வேண்டிய பணத்தை, எவ்வளவு உன்னதமான நோக்கமானாலும், பங்கில் போடவே கூடாது.

லாபம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், சில ஆண்டுகளில் குறையும் என்பதுதான். உக்ரைன் போர் மூண்ட 2022இல் எண்ணெய்ப் பங்குகள் உயர்ந்தபோது, அவற்றை ஒதுக்கிய ஃபண்டுகள் பின்தங்கின. அந்தக் குறைவை ஏற்கிறேன் என்று தெரிந்தே போடுகிறவருக்கு மனக்குறை வராது. அறமும் அதிக லாபமும் எப்போதும் கைகோத்து வரும் என்று விற்பனையாளர் சொன்னதை நம்பிப் போடுகிறவர்தான் முதல் சரிவிலேயே விலகி ஓடுவார்.

பங்கை விற்றுவிட்டு வெளியேறுவதா, உள்ளேயே இருந்து வாக்களித்து மாற்றுவதா என்ற வாதம் நெடுநாளாக நடக்கிறது. 2021இல் எக்ஸான்மொபில் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 0.02 விழுக்காடு பங்கு மட்டுமே வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு நிதி, பெரிய ஓய்வூதிய நிதிகளின் வாக்குகளைத் திரட்டி, மூன்று இயக்குநர்களை உள்ளே அனுப்பியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஃபண்ட் வழியாகப் பங்கு வைத்திருக்கும் சாதாரண சேமிப்பாளரிடம் அந்த வாக்கு இருப்பதில்லை. ஃபண்ட் மேலாளர்தான் வாக்களிக்கிறார், எப்படி வாக்களித்தார் என்பதை நாம் தேடிப் போய்த்தான் படிக்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கு இருப்பதிலேயே பெரிய சேமிப்பு ஓய்வூதியப் பணம்தான். அதில்தான் அவர்கள் குரல் மிகக் குறைவாக ஒலிக்கிறது. அங்கே தனியாள் கேட்டால் பதில் வராது, சேர்ந்து கேட்டால் வரும். நெதர்லாந்தில் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்குமான ஏ.பி.பி. ஓய்வூதிய நிதியத்தை அதன் உறுப்பினர்கள் விடாமல் நெருக்கினார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களில் தான் வைத்திருந்த 1,500 கோடி யூரோவுக்கு மேற்பட்ட முதலீட்டிலிருந்து விலகுவதாக அந்த நிதியம் 2021 அக்டோபரில் அறிவித்தது. பங்குதாரராக உள்ளே இருந்துகொண்டு இந்த நிறுவனங்களைத் தேவையான வேகத்தில் மாற்றப் போதிய வாய்ப்பில்லை என்பதே அப்போது அது சொன்ன காரணம்.