21 நாளில் சர்க்கரை போகாது, அண்ணே

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முகாமில் 21 நாள் இருந்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, மரச்சீனிக் கிழங்கையும் சோற்றையும் நிறுத்தினால் அளவு இறங்கத்தான் செய்யும். அது குணமானதாகாது. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுமார் 3 மாத சர்க்கரைச் சராசரி. மருந்தை நிறுத்தி 3 மாதமாவது கழித்தும் அது 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ‘தணிவு’ என்பார்கள்; 2021இல் நிபுணர்கள் வகுத்த அளவுகோல். அதுவும் இரண்டாம் வகைக்காரருக்கு. முதல் வகைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் சித்தி இப்படியொரு முகாமிலிருந்து வந்ததும் மாத்திரை டப்பாவைப் பரணில் ஏற்றினார். இரண்டு மாதம் கழித்து தக்கலையில் ஒரு கல்யாணம், அடைப்பிரதமன் பாயசம் இரண்டு கப். மறுநாள் காலை சர்க்கரை அளவு 340.

அப்புறம், சர்க்கரையைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.