கீத் விட்லியின் குரல் விஸ்கிக்குக் கடன்பட்டதல்ல

கீத் விட்லி, அமெரிக்காவின் கிராமத்து மண்ணில் வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகர். 1989 மே 9இல் குடியால் இறந்தார். அந்தத் தேதி வந்தால் அவர் படத்தை யாராவது பகிர்வார்கள். கீழே எழுதுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: வலி இருந்ததால் அந்தக் குரல், குடி இருந்ததால் அந்த வலி. படிக்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையின் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. குரல் முதலில் வந்தது, குடி பிறகு வந்தது.

பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் பாட்டு ஒன்று தெரிந்திருக்கும். 'வென் யூ சே நத்திங் அட் ஆல்' என்ற பாட்டை 1999இல் ரோனன் கீட்டிங் பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதற்கு முன் 1995இல் அலிசன் கிராஸ் பாடினார். அந்த இருவருக்கும் முன்னால், 1988இல், அதை முதன்முதலில் கன்ட்ரி பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் விட்லி. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மற்ற இருவர் அழகாகப் பாடுகிறார்கள். விட்லி எதிரில் உட்கார்ந்து பேசுகிறார்.

ஊர், கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பக்கம் உள்ள சாண்டி ஹுக். ஆறு வயதில் கையில் கிதார். எட்டு வயதில் பக்கத்து மாநிலமான வெஸ்ட் வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் ஒலிபரப்பு நிகழ்ச்சியில் பாடியாயிற்று. 1969இல் ஒரு போட்டியில் ரிக்கி ஸ்காக்ஸைச் சந்திக்கிறார். அவரும் கிட்டத்தட்ட அதே வயதுப் பையன். இரண்டு பேருக்கும் ஸ்டான்லி சகோதரர்களின் பழைய புளூகிராஸ் பாட்டுகள் மனப்பாடம். புளூகிராஸ் என்பது கன்ட்ரியின் நெருங்கிய உறவு, மின்கருவி இல்லாத மலைநாட்டு இசை.

அடுத்து நடந்ததை அந்தச் சகோதரர்களில் ஒருவரான ரால்ஃப் ஸ்டான்லியே பலமுறை சொல்லியிருக்கிறார். வெஸ்ட் வர்ஜீனியாவின் ஃபோர்ட் கே ஊரில் ஒரு கிளப்பில் கச்சேரி. வழியில் டயர் பஞ்சராகி ஸ்டான்லி தாமதமாக வந்து சேர்கிறார். உள்ளேயிருந்து தன் பழைய பாட்டு கேட்கிறது. காசு போட்டால் பாட்டு ஓடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில் தன் ரெக்கார்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனால், மேடையில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பையன்கள். விட்லிக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. இருவரையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார் ஸ்டான்லி. அந்தப் பாட்டை உருவாக்கியவரே அசலுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றிருக்கிறார். 'வாழ்ந்து அடிபட்ட குரல்' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

புளூகிராஸ் மேடை ஒரு கறாரான பள்ளிக்கூடம். டிரம்ஸ் கிடையாது. பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின், கிதார், நிற்க வைத்து வாசிக்கும் பேஸ், அவ்வளவுதான். பழைய முறையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக்கும் இருக்கும். பாடுகிறவர் முன்னே வருவார், முடித்ததும் விலகுவார், வாசிக்கிறவர் அந்த இடத்துக்கு வருவார். ஒலி அளவை மெஷின் பார்த்துக்கொள்ளாது, தொண்டையும் கால்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று குரல் சேரும் இடத்தில் முதன்மைக் குரல் சுருதி பிசகினால் மற்ற இரண்டும் சேர்ந்து சரியும். 1974இல் ஸ்டான்லி குழுவின் முதன்மைப் பாடகர் ராய் லீ சென்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் விட்லி. 1978இல் பாஞ்சோக் கலைஞர் ஜே.டி. குரோவின் குழுவுக்கு மாறினார். அங்கேதான் குரல் கீழே இறங்கி, பழைய தலைமுறைப் பாடகர் லெஃப்டி ஃப்ரிஸெல் பாணி கன்ட்ரிப் பக்கம் சாய்ந்தது. வரி முடியும் இடத்தில் ஸ்வரத்தை அப்படியே நிறுத்தாமல் சற்று வளைத்து இறக்கி விடுவார், சின்னப் பிருகா மாதிரி. ஃப்ரிஸெல்லிடம் கற்றது அது. ஆனால் ஃப்ரிஸெல் அதை விளையாட்டாகச் செய்வார். விட்லி செய்யும்போது சொல்ல வந்ததை முழுங்கிக்கொண்டது போல இருக்கும்.

1983இல், கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு வந்தார். ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தம் கிடைத்தது. முதலில் ஒரு சிறு தொகுப்பு, பிறகு 'எல்.ஏ. டு மயாமி' என்ற ஆல்பம். இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பளபளப்பான தயாரிப்பு, குரல் அடியில் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், இதில் அவர் பாடி சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வராமல் போன இரண்டு பாட்டுகளை கன்ட்ரி பாடகர்கள் ராண்டி டிராவிஸும் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஆளுக்கொன்றாகப் பாடி முதலிடம் பிடித்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். இன்னொரு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்து முடித்த நிலையில், இது என் தரத்துக்கு வரவில்லை, வெளியிட வேண்டாம் என்று கம்பெனியிடம் போய்ச் சொன்னார். முதலிடப் பாட்டு எதுவும் கையில் இல்லாத பாடகர் அப்படிக் கேட்பது லேசான காரியம் இல்லை. கம்பெனி ஒத்துக்கொண்டது. தயாரிப்பாளரை மாற்றி கார்த் ஃபண்டிஸோடு உட்கார்ந்தார். அலங்காரம் குறைந்தது, ஸ்டீல் கிதார் முன்னே வந்தது, குரல் நடுவில் தனியாக நின்றது. 1988இல் வந்த 'டோன்ட் குளோஸ் யுவர் ஐஸ்' அந்த ஆண்டு முழுமைக்குமான பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதல் பாட்டு. தொடர்ந்து மூன்று சிங்கிள்கள் முதலிடம். மூன்றாவதான 'ஐம் நோ ஸ்ட்ரேஞ்சர் டு த ரெய்ன்' முதலிடத்துக்கு வந்தது 1989 ஏப்ரலில். இந்த வெற்றிக்குக் காரணம் என்று எதையாவது சொல்வதானால், அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போட்டதைச் சொல்லலாம். அது நிதானமான மனிதன் எடுத்த முடிவு.

அடுத்த மாதம் ஆள் இல்லை.

1989 மே 9, நாஷ்வில்லுக்கு வடக்கே குட்லெட்ஸ்வில்லில் உள்ள வீடு. மனைவி லாரி மோர்கனும் பாடகி, அலாஸ்கா பக்கம் கச்சேரிக்குப் போயிருந்தார். வார இறுதி முழுக்கக் குடி. காலையில் அம்மாவிடம் போனில் பேசினார். மைத்துனர் வந்தார், இருவரும் காபி குடித்தார்கள், கோல்ஃப் ஆடப் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். எட்டரை மணி வாக்கில், ஒரு மணி நேரத்தில் தயாராக இரு என்று சொல்லிவிட்டு மைத்துனர் கிளம்பினார். திரும்பி வந்தபோது விட்லி உடுத்திய உடையோடு கட்டிலில் குப்புறக் கிடந்தார். வயது முப்பத்தைந்தைத் தொடவில்லை.

மருத்துவப் பரிசோதகர் சொன்ன ரத்த ஆல்கஹால் அளவு 0.477 சதவீதம். 100 மில்லி ரத்தத்தில் 477 மில்லிகிராம். அன்றைக்கு டென்னசியில் போதை என்று சட்டம் வகுத்த எல்லை 100 மில்லிகிராம். இந்தியாவில் வண்டி ஓட்ட இன்றுள்ள எல்லை 30.

இந்த எண்ணை பாட்டில் கணக்கில் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 477 வர, உடம்பில் ஒரே நேரத்தில் சுமார் 225 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்க வேண்டும். 180 மில்லி குவார்ட்டர் விஸ்கியில் இருப்பது ஏறக்குறைய 60 கிராம். அதாவது நாலு குவார்ட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அதுவும் ஈரல் எதையும் கழிக்காமல் இருந்தால். ஈரல் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் இறக்கும். பழகிய குடிகாரருக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். எப்படிப் பார்த்தாலும் 477 என்பது முழுக்க இறங்க ஒரு நாள் பக்கம் ஆகும். காபி, குளிர்ந்த குளியல், மோர், எலுமிச்சை எதுவும் இந்த வேகத்தை மாற்றாது.

உயிர் போவது எப்படி? 100 வரை நாக்கு தடுமாறும். 200இல் நடை தள்ளாடும். 300இல் எழுப்பினால் எழ மாட்டார். 400ஐத் தாண்டினால் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியே மந்தமாகிவிடும். அதோடு தொண்டையின் காப்பு அனிச்சையும் போய்விடுவதால் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். உடம்புச் சூடும் ரத்தச் சர்க்கரையும் சேர்ந்து இறங்கும்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கடைசி மடக்கு உள்ளே போன பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் இப்போது தெளிவாகப் பேசுகிறவர் ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்று கிடக்க முடியும். பழகிய உடம்பு இதை இன்னும் மறைக்கும். நீண்ட நாள் குடித்தவர் 250இலும் நேராக நின்று காபி குடிப்பார், கோல்ஃப் பற்றிப் பேசுவார். தள்ளாடாமல் இருக்க உடம்பு பழகிவிடுகிறது, மூச்சு மையம் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். மைத்துனரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

ஆகவே "தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். உலுக்கியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், தோல் ஜில்லென்று ஈரம்: இதில் ஒன்று இருந்தாலே 108ஐக் கூப்பிட வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல்காலை மடித்து முன்னே வைத்தால் குப்புறப் புரள மாட்டார். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியாக விடாதீர்கள்.

தனியாக விடாமல் இருப்பதுதான் விட்லி விஷயத்தில் கஷ்டம். அவர் கூட்டத்தோடு குடிக்கிற ஆள் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாள் கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்து அளவில்லாமல் குடிப்பார். ராத்திரி எழுந்து போய்க் குடித்துவிடக் கூடாது என்று தன் காலையும் அவர் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்கியதாக லாரி மோர்கன் சொல்லியிருக்கிறார். இதைக் காதலின் உச்சமாகப் பகிர்கிறார்கள். எனக்கு இது வைத்தியம் எட்டாத வீட்டின் படமாகத்தான் தெரிகிறது. கட்டிய கால் ஒரு ராத்திரிக்குத்தான் உதவும். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. 6 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாவது நாள் வாக்கில் ஆளையே அடையாளம் தெரியாத பிதற்றல் நிலை வரலாம். அதில் உயிர் போனவர்கள் உண்டு. மருத்துவமனையில் நரம்பை அமைதிப்படுத்தும் டயஸெபாம் வகை மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து இதைக் கடக்க வைப்பார்கள்.

சில நாள் நிறுத்திவிட்டுத் திரும்புகிறவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அந்த இடைவெளியில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், கை மட்டும் பழைய அளவையே ஊற்றும்.

அன்றைக்கு அமெரிக்காவில் குடிநோய்க்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை டைசல்ஃபிரம்தான். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். பயமுறுத்தும் மருந்து. போட மறுத்தால் பயனே இல்லை, யாராவது தினமும் பக்கத்தில் நின்று கொடுக்க வேண்டும். (நம்மூரில் சிலர் ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பதும் இதுதான். செய்யவே செய்யாதீர்கள், தெரியாமல் மேலே குடித்தால் இதயம் நிற்கக்கூடும்.) குடிக்கும் ஆசையையே குறைக்கும் நால்ட்ரெக்ஸோனுக்கு அங்கே இந்த நோய்க்கான அனுமதி கிடைத்தது 1994 டிசம்பரில். விட்லி போய் ஐந்தரை வருஷம் கழித்து. அது கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. கிடைத்தும் விழுந்தவர்கள் ஏராளம். ஆனால் 'விதி' என்று எழுதுகிறவர்கள் இந்தத் தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கன்ட்ரி உலகத்துக்கு இந்த விதிக் கதை மேல் பழைய மோகம் உண்டு. 1953 புத்தாண்டு நாளில், 29 வயது ஹாங்க் வில்லியம்ஸ் கச்சேரிக்குப் போகும் காரின் பின் சீட்டில் இறந்து கிடந்தார். அன்றிலிருந்து குடித்து அழியாத கன்ட்ரி பாடகன் அசலில்லை என்று ஒரு எண்ணம் ஊறிவிட்டது. விட்லியை அந்த வரிசையில் உட்கார வைப்பது சுலபம். ஸ்டூடியோவில் அவ்வளவு கறாராக இருந்த ஒரு தொழில்காரரை அந்த வரிசை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் ஆத்திரம்.

இறக்கும்போது அடுத்த ஆல்பம் கிட்டத்தட்டத் தயார். 1989 ஆகஸ்டில் வந்தது, அதிலிருந்தும் இரண்டு பாட்டுகள் முதலிடம். அவருடைய பழைய பதிவு ஒன்றில் லாரி மோர்கன் தன் குரலைப் பின்னால் சேர்த்து ஜோடிப் பாட்டாக்கினார், 1990இல் அதற்கு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிஎம்ஏ விருது கிடைத்தது. கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022இல். 33 வருஷம் தாமதம். முழு நீள ஆல்பங்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், நியாயமான காரணம் இல்லை.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஹிட் தொகுப்பில் தொடங்காதீர்கள். முதலில் ஸ்காக்ஸோடு சேர்ந்து பையனாகப் பாடிய எழுபதுகளின் புளூகிராஸ் பதிவு. பிறகு ஜே.டி. குரோ குழுவோடு 1982இல் வந்த 'சம்வேர் பிட்வீன்'. 'எல்.ஏ. டு மயாமி'யை இப்போதைக்குத் தாண்டிவிடுங்கள். நேராக 1988 ஆல்பத்துக்குப் போய் 'ஐ நெவர் கோ அரவுண்ட் மிரர்ஸ்' போடுங்கள். அது ஃப்ரிஸெல்லின் பழைய பாட்டு. அதை ஃப்ரிஸெல்லோடு சேர்ந்து எழுதிய வைட்டி ஷேஃபர், விட்லிக்காகவே இன்னொரு சரணம் எழுதிக் கொடுத்தார். ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் வரி முடிவில் குரல் இறங்குவது காதில் விழாது.