மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மலையாளம்' என்று சொன்னால் குமரி கேரளாவுக்குப் போய்விடாது

"கணக்கெடுக்க வருபவரிடம் தாய்மொழி மலையாளம் என்று சொல்லாதீர்கள்; எண்ணிக்கை கூடினால் விளவங்கோடு கேரளாவோடு போய்விடும்" என்று குமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஆடியோ சுற்றுகிறது. இது தவறு.

மாநில எல்லையை மாற்ற, அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அப்படித்தான்.

கணக்கெடுப்பில் தாய்மொழி என்பது சின்ன வயதில் அம்மா உங்களிடம் பேசிய மொழி. தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் சேர்த்தே எழுதுவார்கள். வீட்டில் மலையாளம், சந்தையில் தமிழ் என்று பேசுகிறவர் (நம் ஊரில் பலர் அப்படித்தானே!) எதையும் மறைக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லச் சொல்கிறது 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம். அதைச் சட்டங்களுக்கான அரசு இணையதளமான 'இந்தியா கோட்'-இல் படிக்கலாம். ஆடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.