ஒரு பீட்சா விலைதானாம்

நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: வீட்டு இணையக் கட்டணம் ஏறியதைப் பற்றி எங்கள் குடியிருப்புக் குழுவில் கேட்டிருந்தேன். "ஒரு பீட்சா விலைதானே சார், இதுக்குப் போய்..." என்று எங்கள் அசோசியேஷன் செயலாளர் அருளியிருந்தார். அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை வேறு. சரி.

என் சண்டை இருநூறு ரூபாய்க்காக இல்லை. 799 ஆக இருந்த மாதக் கட்டணம் 999 ஆகிவிட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,178 ரூபாய் 82 காசு. கட்டிவிடலாம். ஆனால் அதே கம்பெனி, அதே வேகத்தை அடுத்த தெருவில் 699-க்குக் கொடுக்கிறது. ஏன்? அங்கே மூன்று இணையக் கம்பெனிக்காரர்கள் கம்பி இழுத்திருக்கிறார்கள், எங்கள் குடியிருப்பில் ஒரே ஒருவர். வேறு யார் வந்தாலும் "சுவர் பாழாகும்" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆக, என் வீட்டு இணையத்துக்கு விலை வைப்பது எங்கள் வாட்ச்மேன்தான்.

"உலகத்திலேயே டேட்டா மலிவான நாடுகளில் நம்முடையதும் ஒன்று" என்று கிளம்புவீர்கள். தெரியும் ஐயா, அது கைபேசிக் கணக்கு. அதுவும் யாருடைய கருணையாலும் மலிவாகவில்லை, கம்பெனிகள் அடித்துக்கொண்டதால் ஆனது. 2018-ல் ஏர்செல் படுத்தபோது அதே எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போர்ட் பண்ண நாம் அலைந்ததை மறந்துவிட்டீர்களா? இன்று தனியாரில் மிஞ்சியது மூவர். 2024 ஜூலையில் இரண்டே நாளுக்குள் மூவரும் விலையை ஏற்றினார்கள். சந்தை பார்த்துக்கொள்ளும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டணத்தைக் கம்பெனிகளிடமே விட்டிருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? கைபேசியிலாவது 2011 முதல் எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம். வீட்டு ஃபைபரில் எதைப் போர்ட் செய்வது, சுவரையா?

"பிஎஸ்என்எல் போங்க" என்பவர்களுக்கு: 2005-ல் அவர்களுடைய டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த புதிதிலேயே வாங்கியவன் நான். வேகம் 256 கேபிபிஎஸ். எங்கள் பிளானில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து, மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். "பேய் மாதிரி முழிச்சுட்டு இருக்கான்" என்பார் அம்மா. மறுபடி அங்கே போக எனக்கென்ன தயக்கம்? கேட்டைத் தாண்ட விடுங்கள், போகிறேன்.

அந்தக் கம்பெனி அசோசியேஷனுக்குக் கொடுக்கும் பணத்தில்தான் லிஃப்ட் பராமரிப்பே நடக்கிறது என்கிறார் ஒரு நண்பர். இருக்கட்டும். லிஃப்டுக்குக் காசு வேண்டுமென்றால் மெயின்டனன்ஸில் கேளுங்கள், இணைய பில்லில் ஒளித்து எடுக்காதீர்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. "வாடகைக்கு இருக்கறவங்க ஏன் இதெல்லாம் பேசறாங்க" என்று ஒருவர் கேட்டார் பாருங்கள், ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்பது வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன். 2020 ஊரடங்கில் செயலாளர் வீட்டில் கனெக்ஷனே கிடையாது. பையனின் ஆன்லைன் வகுப்புக்காக என் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு மாஸ்க்கோடு வந்து நின்றாரே, அப்போது நான் வாடகைக்காரன் என்று தெரியவில்லையா?

இத்தனை வருடமாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. இன்று காலை மாற்றிவிட்டேன்.