அகல டயரால் கிரிப் அதிகமாகாது
யமஹா ஆர்15 வி3 பைக்கின் பின்சக்கரத்துக்கு 150/60 டயர் (150 மி.மீ. அகலம்) போட்டால் கொல்லிமலையில் கிரிப், அதாவது சாலையைப் பிடிக்கும் திறன், கூடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பி மாற்றிவிடாதீர்கள்.

அந்த வண்டியின் பின்சக்கரத்துக்குக் கம்பெனி தந்த அளவு 140/70-17, அதாவது 140 மி.மீ. அகலம். ரிம்மை (டயர் பொருந்தும் சக்கர வளையத்தை) மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கினால், இரு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும்தான், டயரின் அகலம் அல்ல. இன்னொன்று, அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க அகல டயர் வண்டியை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சாய்க்க வேண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அது சாதாரண விஷயமா?

நானும் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாற்றியவன். வளைவில் வண்டியைப் படுக்க வைக்கவே தோளில் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பினேன்.

கிரிப்தான் வேண்டுமென்றால் அதே அளவில் மென்மையான ரப்பர் கலவை உள்ள நல்ல ரேடியல் டயர் (உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடும் வகை) வாங்குங்கள். அப்புறம், குழுவாகக் கிளம்பும் காலையில், டயர் சூடாகும் முன்பே காற்றைப் பாருங்கள்.